அம்பு பட்ட வெண்கல மான்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர்கள் வீட்டுப் பெண்கள் எதைச் சேர்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நகை சேர்ப்பார்கள், பட்டுச்சேலை சேர்ப்பார்கள், கொஞ்சம் விவரமானவர்கள் மெயின்ரோட்டில் இடம் சேர்ப்பார்கள். பூவனநாதன் பெண்டாட்டி சுகுணா நாய் சேர்த்தாள். உயிருள்ள நாய் என்றால்கூடத் தெரு பொறுத்துக்கொண்டிருக்கும். இவள் சேர்த்தது வெண்கல நாய். நாயோடு பன்றி, கௌதாரி, முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரை, முதலையைக் கவ்வும் பெண்சிங்கம். எல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சில் வார்த்தவை.

பிரான்சுக்கும் கரிசல் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரு கேட்டது. சம்பந்தம் இருந்தது. அந்தக் காலத்து ஜமீன்களுக்கு வேட்டைப் பைத்தியம். வெள்ளைக்காரத் துரைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போவதும், திரும்பி வந்து சாய்வு நாற்காலியில் கிடந்து சுட்டதையும் சுடாததையும் சேர்த்துப் பேசுவதும் அவர்கள் பிழைப்பு. பேசும்போது பார்வைக்கு இருக்கட்டும் என்று மதராஸ் கடைகள் மூலமாகப் பாரீசிலிருந்து வேட்டைச் சிலைகளைக் கப்பலில் வரவழைத்தார்கள். பிறகு ஜமீன் போயிற்று. தேக்குத் தூணும் கதவும் காரைக்குடிக்குப் போயின. பெயர் தெரியாத இந்த மிருகங்கள் மட்டும் பழைய பாத்திரக் கடைகளில் அண்டா குண்டாவோடு உருக்கப்படக் காத்துக் கிடந்தன.

அப்படித் தூத்துக்குடிக் கடை ஒன்றில் கிடந்த நாயைத்தான் சுகுணா முதலில் பார்த்தாள். மூக்கை நீட்டி, ஒரு காலை மடக்கி, எதிரே புதரில் கௌதாரி இருக்கிற மாதிரியே நின்றது. கல்யாணமாகி வந்த புதிது, கையில் காசில்லை. மறுநாள் தன் சீர்க்குடங்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தராசின் ஒரு தட்டில் குடம், மறு தட்டில் நாய். எடைக்கு எடை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அழுத சத்தம் அடுத்த தெருவில் பால் வாங்க வந்தவர்களுக்குக் கேட்டது.

பூவனநாதன் சாது. "நாய் வேணும்னா உசுரோட ஒண்ணு வாங்கேன். திருடன் வந்தா குலைக்கவாவது செய்யும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றைக்குச் சோறு குழைந்திருந்தது, குழம்பில் உப்பில்லை. அப்புறம் சொல்லவில்லை.

சுகுணா சரித்திரம் படித்தவள். மதுரைப் பழைய புத்தகக் கடைகளில் வெளிநாட்டு ஏலக் கம்பெனிகளின் படப் புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து அகராதியை வைத்துப் படித்தாள். புதிதாக ஒரு சிலை வந்தால் அதைக் குழந்தையைக் கவிழ்ப்பதுபோல் கவிழ்த்து அடியில் டார்ச் அடிப்பாள். ஊசியால் மறைவான இடத்தில் ஒரு கீறல் போடுவாள். மஞ்சள் தெரிந்தால் வெண்கலம்; வெளுப்புத் தெரிந்தால் துத்தநாகத்துக்குச் சாயம் பூசி ஏமாற்றிய சரக்கு. பிறகு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ரோமம் ரோமமாக உளி ஓடியிருக்கிறதா என்று சாயங்காலம் வரை பார்ப்பாள். வேலைக்கு வரும் சொர்ணத்தாய் அந்த அறையை வாசலில் நின்றபடியே கூட்டுவாள். "எக்கா, இந்தப் பன்னி என்னையவே மொறைக்குது. செவரப் பாத்துத் திருப்பி வச்சிரட்டா?" என்பாள்.

இத்தனை மிருகம் சேர்த்தும் சுகுணாவுக்கு ஒன்று மட்டும் கிடைக்காமல் இருந்தது. அது எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், ஜமீன் வழியில் மிச்சமிருந்த அழகிரிசாமி வீட்டில் இருந்தது. கிளைக் கொம்பு மான் ஒன்று பாறையில் முழங்கால் மடங்கிச் சாய்கிறது. ஒரு நாய் கழுத்தைப் பிடித்திருக்கிறது, ஒன்று தொடையில் தொங்குகிறது, இன்னொன்று பாய்வதற்குப் பதுங்குகிறது. மானின் கண்ணில் பயம் இல்லை; இன்னும் கொஞ்ச தூரம்தான், ஓடிவிடலாம் என்கிற கணக்குத்தான் இருந்தது. அந்தக் கண்ணுக்காகவே சுகுணா வருஷக்கணக்காக அந்த ஊருக்குப் போனாள்.

அழகிரிசாமி பெண்டாட்டியை இழந்தவர், கம்பும் உளுந்தும் போட்டுக்கொண்டு ஓட்டுவீட்டில் தனியாக இருந்தார். வீட்டில் தெலுங்கு. "ரா தல்லி, கூச்சோ" என்று மகளை அழைப்பதுபோல் உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார். சுகுணா விலை பேசியதே கிடையாது. போவாள், மானைப் பார்ப்பாள், கடலைமிட்டாய் பொட்டலத்தை வைத்துவிட்டு வருவாள். "என் கையவிட்டு இது போறதா இருந்தா ஒன் கைக்குத்தான் போகும் தல்லி. ஆனா இப்ப இல்ல" என்று அவர் சொல்லியிருந்தார். சுகுணாவுக்கு அது போதும்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் கதையே இல்லை. சாமித்துரை வீட்டுச் சடங்கு விசேஷத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது சுகுணா வாயைத் திறந்துவிட்டாள்.

சாமித்துரையைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தீப்பெட்டி ஆபீஸ், ஒரு பட்டாசு ஆபீஸ், வாசலில் வெள்ளை சுமோ, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. எழுதி யாரும் பார்த்ததில்லை. எந்தச் சங்கத்துக்குத் தேர்தல் வந்தாலும் தலைவர். அடுத்தவர் ஆசைப்படுகிற பொருள் எதுவோ அதுதான் அவருக்கு உடனே வேண்டும். அதுவரை அது என்னவென்றுகூடத் தெரிந்திருக்காது. "ஏ தங்கச்சி, இந்தத் தடவ என்ன மிருகம்? கழுதை ஏதும் ஆப்புட்டுச்சா?" என்று ஆண்கள் பந்தி சிரிக்கக் கேட்டார். சுகுணாவுக்குச் சுருக்கென்று ஏறியது. மானைப் பற்றி, அழகிரிசாமியைப் பற்றி, அதன் மதிப்பைப் பற்றி எல்லாம் ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்துவிட்டாள். சாமித்துரை அதன்பின் சிரிக்கவில்லை. அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போனபோது மான் சாமித்துரை வீட்டுக் கூடத்தில், டிவி பெட்டிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் ரோஜாக் கொத்துக்குக் கீழே நின்றது.

சுகுணா தட்டைக் கீழே போடவில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு நெஞ்சுரம் உண்டு.

"வா தங்கச்சி. ஒன் மானு நம்ம வீட்டுக்கு நடந்து வந்துட்டு பாத்தியா?" என்றார் சாமித்துரை. "வந்த சனமெல்லாம் இது என்ன நாயி, என்ன நாயின்னு கேக்குது. எனக்கு என்ன தெரியும்? நீ கொஞ்சம் வெளக்கிச் சொல்லேன்."

அவள் விளக்கிச் சொன்னாள். நாய் எந்த ஜாதி, வார்த்தவன் கையெழுத்து எங்கே இருக்கிறது, எல்லாம். சிரித்த முகம் மாறாமல் சொன்னாள் என்றுதான் அங்கே இருந்தவர்கள் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் அழகிரிசாமி ஊருக்குப் போனாள். அழகிரிசாமி உட்காரச் சொல்லவில்லை. கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான இருக்க?"

"எனக்கு என்னங்கய்யா?"

"ஒன் ஆளு சுமோவுல வந்து அழுதாரே. சுகுணா மதுரை ஆஸ்பத்திரியில கெடக்கா, பெரிய ஆப்பரேசன், அந்த மானக் கண்ணால ஒரு தடவ பாக்கணும்னு சொல்லுதான்னு. நான் ஒத்தப் பைசா வாங்கல தல்லி. பொழச்சு வந்து அவளே வச்சுக்கிடட்டும்னு தூக்கிக் குடுத்தேன். ஒனக்கு நேந்துகூட வச்சேன். பெறகு விசாரிச்சா நீ குத்துக்கல்லாட்டம் இருக்க, மானு அவரு வீட்டுல இருக்கு. எம்புட்டுக்கு வித்த?"

"ஐயா, நான் ஆளே அனுப்பல."

"போதும்" என்று கதவைச் சாத்தினார்.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. பருத்திக்காட்டைப் பார்த்தபடி சுகுணா வெயிலில் நின்றாள். சிலை போனதுகூட ஒரு பக்கம். சாகக் கிடக்கிறவள் என்று தன்னைச் சொல்லி, தன் பேரை நீட்டிக் கையேந்தி வாங்கியிருக்கிறான். அந்த மனுஷன் மனதில் இனி அவள் ஆயுசுக்கும் களவாணி.

சாமித்துரையிடம் நேரில் கேட்டதற்கு அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஆஸ்பத்திரின்னு சொன்னா ஆயுசு கூடும்னு சொல்லுவாவ. ஒனக்கு நல்லதுதான் செஞ்சிருக்கேன்." பூவனநாதன், "விட்டுரு சுகுணா. தீக்குச்சி மருந்துக்குக் குளோரேட்டு தட்டுப்பாடு வந்தா அண்ணாச்சிட்டதான் போய் நிக்கணும்" என்றார். அன்றைக்கும் சோறு குழைந்தது.

மார்கழியில் சென்னையிலிருந்து பழம்பொருள் வாங்குகிற ஒருவர் வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஆள். இங்கிலீஷ் பேசுவார் என்று பயந்து சாமித்துரை ஆள் விட்டுச் சுகுணாவை வரவழைத்தார். திருடின வீட்டுக்கே வந்து திருடின பொருளின் அருமையைச் சொல்லச் சொல்லுகிற தைரியம் வேறு யாருக்கு வரும்? சுகுணா போனாள். வந்தவர் தமிழே பேசினார். கையுறை போட்டுக்கொண்டு மானைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இந்தக் காப்பி நிறம் இருக்கு பாருங்க, இதுதான் சார் உயிரு. அந்தக் காலத்துல மருந்து போட்டு, நெருப்புல காட்டி ஏத்துனது. ஈரத்துணிகூடப் படக்கூடாது. இது போச்சுன்னா வெறும் வெண்கலம். நான் எடுத்துக்கவே மாட்டேன்."

"தங்கச்சிக்குத் தெரியாததா!" என்றார் சாமித்துரை.

பொங்கல் கழிந்து வண்டியோடு வருவதாக அவர் முன்பணம் வைத்துவிட்டுப் போனார். மான் கடல் தாண்டிப் போகுமோ, பம்பாய்க்குப் போகுமோ, சுகுணா கண்ணில் இனிப் படாது. அதைவிட, அது போன பணத்தில் சாமித்துரை இன்னொரு சுமோ வாங்குவார். அந்த வண்டி தினமும் இவள் வாசலைத் தாண்டித்தான் போகும்.

அந்த வாரம் அவள் எல்லைக்காட்டு அய்யனார் கோவிலுக்குப் போனாள். போகிற ஆளில்லை; போனாள். அங்கே பூசாரி கொம்பையா. காணும் பொங்கலன்று பாரிவேட்டையில் அய்யனார் வேட்டைக்குப் போவதும், கொம்பையா சாமி வந்து அம்பு விடுவதும் அந்த வட்டாரத்து வழக்கம். முன்பெல்லாம் உயிர் முயலை விட்டார்கள். காட்டிலாகா கேஸ் போட்டபிறகு பூசணிக்காய்க்கு மண்ணில் கொம்பு செய்து செருகி அதன்மேல்தான் அம்பு.

"ஏன் கொம்பையா, அம்பு பட்ட பூசணிக்காய என்ன செய்வீக?"

"கோயில்லயே கெடக்கும் தாயி. ஒருத்தரும் வீட்டுக்குக் கொண்டுபோகப்படாது. அம்பு பட்டது அய்யனாருக்கு."

"பூசணிக்காய் சரி. வேற எதுவும்னா?"

"மொயலா இருந்தா என்ன, மூக்குத்தியா இருந்தா என்ன? பட்டா அவருக்கு. வார வெள்ளிக்கெழம ஊரக் கூட்டி உரிம கேப்போம். வேற ஆளுக்குப் பாத்தியப்பட்டத அவரு தொடமாட்டாரு. யாரும் கேக்கலன்னா தேச்சு வெளக்கி, எண்ணெ காட்டி உள்ள வச்சிருவோம்." கொம்பையா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குக் கேக்குத?"

"சும்மாத்தான்" என்றாள் சுகுணா. அந்த ஊரில் யாரும் எதையும் சும்மா கேட்டதில்லை.

விழாக் கமிட்டிக்கு இரண்டு வருஷமாகச் சாமித்துரைதான் தலைவர். மைக்கில் பெயர் வாசிக்கும்வரை இருப்பார். பொன்னாடை போர்த்தியதும் சுமோவில் ஏறிவிடுவார். அம்பு எங்கே போகிறது, பூசணிக்காய் எங்கே போகிறது என்று நின்று பார்த்தவரில்லை. சுகுணா அவர் வீட்டுக்கு முறுக்கு மாவு கேட்கப் போனாள். கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருஷம் கேபிள் டிவிக்காரன் பாரிவேட்டையப் படம் புடிக்க வாரானாமே அண்ணாச்சி. பாவம், பூசணிக்காய எம்புட்டு நேரம் புடிப்பான்?"

சாமித்துரை டம்ளரை வைத்தார். கண் டிவி பெட்டிப் பக்கம் போயிற்று. "ஏன், நம்ம மானு இருக்கில்லா? நாயோட, வேட்டையோட!"

"ஐயோ, அது வேண்டாம் அண்ணாச்சி" என்று சுகுணா பதறினாள். "வெல பேசின பொருளு. ஊருக்காட்டுல கொண்டுபோய் வைக்கவா?"

"நான் தலைவரா, நீ தலைவரா? பேசாம இரி. மெட்ராஸ்காரனையும் அன்னைக்கே வரச் சொல்லுதேன். அவனும் பாக்கட்டும், நம்ம ஊருன்னா என்னன்னு."

"நான் சொல்லுதத சொல்லிட்டேன்" என்றாள் சுகுணா. மாவை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

காணும் பொங்கலன்று பிற்பகல் மானை டிராக்டர் டிரெய்லரில் வைத்து, சீரியல் பல்பு சுற்றி, கரிசல் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். சாமித்துரை பட்டுச் சட்டையில் டிரெய்லர் மேலேயே நின்றார். "பாரீஸ் மாநகரிலிருந்து தருவிக்கப்பட்ட பல லட்சம் பெறுமான அபூர்வ மான், நம் தலைவர் அவர்களின் உபயம்" என்று மைக் விடாமல் கத்தியது. உபயம் என்ற சொல்லைக் கேட்டுச் சாமித்துரை குளிர்ந்துபோய்க் கும்பிட்டார். சென்னைக்காரர் மட்டும், அம்பு விடுகிற சங்கதி தெரியாமல், பல்புச் சூடு சிலையில் படுமோ என்று டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கொம்பையாவுக்கு அருள் வந்தது. மூங்கில் வில்லை வளைத்தார். அம்பு மானின் விலாவில் பட்டு 'டங்' என்று அடித்த சத்தம் மைக்கிலேயே கேட்டது. பூசணிக்காயில் ஒரு நாளும் கேட்காத சத்தம். குலவை எழும்பிற்று. பெண்கள் ஓடிவந்து மான் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினார்கள்.

கூட்டம் கலையும்போது சாமித்துரையின் ஆட்கள் மானைச் சுமோவுக்குத் தூக்கினார்கள். கொம்பையா குறுக்கே வந்து நின்றார்.

"அது எங்க போகுது?"

"வேற எங்க, வீட்டுக்குத்தான்" என்றார் சாமித்துரை.

"யாரு வீட்டுக்கு? அம்பு பட்டது அய்யனாருக்கு."

"ஏ கொம்பையா, வெளையாடாத. இது பாரீஸு."

"அவரு எந்தூருன்னு பாக்கமாட்டாரு."

சாமித்துரை சுற்றிலும் பார்த்தார். நின்றவர்கள் பாதிப்பேர் அவருடைய ஆபீஸில் பெட்டி ஒட்டுகிறவர்கள், குச்சியில் மருந்து முக்குகிறவர்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர் வீட்டம்மாதான் முதலில் அழ ஆரம்பித்தாள். "சாமி பொருளத் தொடாதீயப்பா. பட்டாசு ஆபீஸ்ல ஒரு பொறி விழுந்தா யாரு பதில் சொல்லுவா?" தீயில் பிழைக்கிறவனுக்கு வேறு எதைச் சொல்லியும் பயம் காட்ட முடியாது; இதைச் சொன்னால் போதும். மான் கோவிலுக்குப் போயிற்று. சுமோ காலியாகப் போயிற்று. சுகுணா அன்று பொரித்த அப்பளம் சத்தம் கேட்கும்படி மொறுமொறுவென்று இருந்ததாகப் பூவனநாதன் சொன்னார்.

வியாழக்கிழமை சாமித்துரை அவள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையில் ஒரு பேனாதான் இருந்தது.

"தங்கச்சி, நாளைக்கு உரிம கேக்கப் போறாவ. நான் உபயம்னு குடுத்துட்டதால எனக்குப் பாத்தியமில்லையாம்; அது ஒன் பொருளுன்னு நீ சொன்னா கொம்பையா விட்டுருவானாம். மெட்ராஸ்காரன் லாட்ஜிலதான் இருக்கான். நெறம் இன்னும் போகல. ரெண்டு பேரும் சரிபாதி வச்சுக்கிடுவோம். வேண்டாமா, நீயே வச்சுக்கோ. அந்தப் பயலுவ புளியப் போட்டுத் தேச்சுக் கெடுக்கிறதுக்கு ஒங்கிட்டயாவது இருக்கட்டும்."

"நான் எப்படி என் பொருளுன்னு சொல்ல? அழகிரிசாமி ஐயா எனக்குக் குடுத்தாகன்னு யாருக்குத் தெரியும்?"

"நான் சொல்லுதேன்."

"ஊருக்கு முன்னாடியா?"

சாமித்துரை கொஞ்சம் யோசித்தார். வெட்கத்தையும் பணத்தையும் அவர் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. "ரெண்டு நாள் பேசுவாங்க. மூணாம் நாள் எவனாவது எவளையாவது இழுத்துட்டு ஓடுவான், இத மறந்துருவாங்க. சொல்லுதேன்."

"அப்ப அதே சுமோவுல போயி அந்த ஐயாவையும் கூட்டிட்டு வாங்க. அவிய முன்னால சொல்லுங்க. அதுக்கப்புறம் கொம்பையா கேட்டா நான் பதில் சொல்லுதேன்."

அவர் போனபின் சுகுணா அலமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பன்றியைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினாள். சிங்கத்தை ஓரத்துக்குத் தள்ளினாள். நடுவில் அகலமாக ஓர் இடம் காலியாயிற்று.

"எக்கா, புதுசா ஒண்ணு வருதா?" என்றாள் சொர்ணத்தாய்.

"தெரியலட்டி" என்றாள் சுகுணா. அது பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோவில் முன்னால் சனம் கூடியிருந்தது. அழகிரிசாமி வெள்ளை வேட்டியில் ஒதுங்கி நின்றார், சுகுணாவைப் பார்க்கவில்லை. சென்னைக்காரர் கையில் போர்வையோடு காத்திருந்தார். மான் கல்மேடையில் மஞ்சள் கயிற்றோடு சாய்ந்திருந்தது. காலை வெயிலில் அந்தக் காப்பி நிறம் உள்ளிருந்து சிவந்தது. கழுத்து நாயின் பிடியில் தோல் சுருங்கியிருப்பதுகூடத் தெரிந்தது. இத்தனை வெளிச்சத்தில் சுகுணா அதைப் பார்த்ததே இல்லை. தொட்டால் போதும், தன்னுடையது.

"இதுல பாத்தியம் உள்ளவுக உண்டா?" என்று கொம்பையா கேட்டார்.

சாமித்துரை முன்னால் வந்தார். மைக் இல்லாததால் குரல் சிறுத்துப்போயிருந்தது. "இது சுகுணாவுக்குக் குடுத்த பொருளு. அவ ஆஸ்பத்திரியில கெடக்கான்னு நான்தான் பெரியவருட்டப் பொய் சொல்லி வாங்கிட்டு வந்தேன். அவளுக்கு இது தெரியாது."

கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு பெண், "அட நாசமாப் போறவனே, நல்லா இருக்கிறவளச் சாகக் கெடக்கான்னா சொன்ன?" என்றாள். சிரிப்பும் ஏச்சுமாகக் கிளம்பிற்று. அவரிடம் மருந்து முக்குகிறவன் ஒருவன் காறித் துப்பினான். தரையில்தான் துப்பினான்; ஆனால் அவரைப் பார்த்துக்கொண்டே துப்பினான்.

அழகிரிசாமி மெதுவாக நடந்து வந்தார். "தப்பா நெனச்சிட்டேன் தல்லி" என்றார். அவளுக்குக் கேட்க வேண்டியது கேட்டுவிட்டது. இனி ஒரு வார்த்தை சொல்லி, மானைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அலமாரியில் இடம் காத்திருக்கிறது. சொல்லத்தான் வாயெடுத்தாள்.

அப்போது சாமித்துரை அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஒரே ஒரு சிமிட்டல். கூட்டுச் சேர்ந்து சீட்டாடி ஜெயித்தவன் கூட்டாளியைப் பார்த்துச் சிமிட்டுகிற மாதிரி.

"சொல்லு தாயி. இது ஒனக்குப் பாத்தியமா?" என்றார் கொம்பையா.

"எனக்குக் குடுத்ததுதான்" என்றாள் சுகுணா. சென்னைக்காரர் போர்வையை விரித்தார். "ஐயாவுக்குச் சம்மதம்னா, நான் அத அய்யனாருக்கே குடுத்துட்டேன்."

அழகிரிசாமி அவளை உற்றுப் பார்த்தார். அப்புறம் சாமித்துரையைப் பார்த்தார். "சம்மதந்தான்" என்றார். அவர் முகத்தில் பழைய ஜமீன் களை ஒரு கணம் வந்து போனது.

"ஏ சுகுணா! என்ன பேசுத நீ?" என்று சாமித்துரை பாய்ந்து வந்தார். கொம்பையா விபூதித் தட்டோடு திரும்பியதும் நின்றுவிட்டார்.

பெண்கள் புளியும் செங்கல்பொடியும் தேங்காய்நாரும் கொண்டுவந்தார்கள். சுகுணா சேலையை இடுப்பில் செருகினாள். "குடுங்க, மொதல்ல நான் தேய்க்கேன்."

"அம்மா வேண்டாம்மா! நீங்க வெவரம் தெரிஞ்சவங்க! நெறம் போயிடும்மா!" என்று சென்னைக்காரர் உண்மையாகவே அழுதார். அவர் ஒருவர்தான் அங்கே மானுக்காக அழுதவர்.

சுகுணா பதுங்கும் நாயில் ஆரம்பித்தாள். காதோரம் புளி நுரைத்தது. நாரை அழுத்த அழுத்தக் காப்பி நிறம் கரைந்து கருஞ்சாறாக வழிந்தது. அடியிலிருந்து பித்தளைச் சொம்பு மாதிரி மஞ்சள் எட்டிப் பார்த்தது. நூறு வருஷத்து நிறம். ரோமங்களுக்கு இடையில் உளி ஓடிய கோடுகள் அவள் விரலுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தேய்த்தாள். கண்ணில் நீர் கட்டியது. புளி தெறித்ததென்று புறங்கையால் துடைத்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். சாமித்துரை இன்னும் அங்கேயே நின்றார். கமிட்டித் தலைவர், பூசை முடியும்முன் போனால் அதற்கும் ஊர் பேசும்.

"அண்ணாச்சி, கொடத்த எடுங்க. மொதல் தண்ணி தலைவரு கையால ஊத்துறதுதான் மொற."

அப்படி ஒரு முறை அந்தக் கோவிலில் கிடையாது. கொம்பையாவுக்கும் அது தெரியும். ஆனால் அவர் குடத்தை எடுத்துச் சாமித்துரை கையில் கொடுத்தார்.

தண்ணீர் விழுந்ததும் நாய் பளபளவென்று மின்னிற்று. கூட்டம் குலவையிட்டது. பட்டுச் சட்டைக் கையில் கருஞ்சாறு வழிய, சாமித்துரை அடுத்த குடத்துக்காகக் காத்து நின்றார்.

அதற்குப்பிறகு சுகுணா எந்த வெள்ளிக்கிழமையும் விடுவதில்லை. தலைவர் பதவியை விட்டால் தோற்றுப்போனதாகிவிடும் என்று சாமித்துரையும் விடுவதில்லை. அவள் தேய்க்கிறாள், அவர் ஊற்றுகிறார். மற்றப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் தேய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். வருஷக்கணக்காகத் தேய்த்ததில் நாய்கள் மூன்றும் முகம் மழுங்கி இப்போது ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கின்றன. மானின் கண் இருந்த இடத்துக்கு வந்ததும் சுகுணா கையை நீட்டி இன்னும் கொஞ்சம் புளி கேட்பாள்.